ஐந்து நிமிடக் கணக்கு

"தினமும் உடற்பயிற்சி செய்கிறீர்களா?" என்று உங்களைக் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? உங்களில் பலர் சொல்லப்போகும் பதில் ஒன்றுதான்: "செய்ய ஆசைதான், நேரம் எங்கே இருக்கிறது?"

இந்தப் பதிலை நாம் அலட்சியம் செய்ய முடியாது. காலையில் டியூஷன், பிறகு பள்ளி, மாலையில் சிறப்பு வகுப்பு, இரவில் வீட்டுப்பாடம். பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ இருப்பவர் என்றால் கேட்கவே வேண்டாம். வாரத்தில் கிடைக்கும் ஓரிரு விளையாட்டு வகுப்புகளும் சில நேரம் கணக்குப் பாடத்துக்குப் போய்விடுகின்றன. "பரீட்சை முடியட்டும், ஜிம்மில் சேர்ந்துவிடுகிறேன்" என்று நீங்களே உங்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறீர்கள்.

இந்தச் சமாதானத்துக்குள் ஒரு கருத்து மறைந்திருக்கிறது. தனி இடம், தனிக் கருவிகள், முழுதாக ஒரு மணி நேரம் ஆகிய மூன்றும் கிடைத்தால்தான் அது உடற்பயிற்சி என்பதே அக்கருத்து. இது சரிதானா? விஞ்ஞான முறைப்படி ஆராய்வோம். அதற்கு முதலில் லண்டன் நகரத்து மாடி பஸ் ஒன்றில் ஏற வேண்டும்.

ஓட்டுநரும் நடத்துநரும்

இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் பிரிட்டனில் மாரடைப்பால் இறப்போர் தொகை கவலை தரும் அளவுக்கு உயர்ந்து வந்தது. காரணம் என்ன என்பது தெளிவாகவில்லை. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர், மக்கள் செய்யும் தொழிலுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டா என்று தேடத் தொடங்கினார்.

லண்டனில் அந்நாளில் ஓடிய மாடி பஸ்களில் இரண்டு பேர் வேலை பார்த்தனர். ஓட்டுநர் தம் பணிநேரத்தில் பெரும்பகுதியை உட்கார்ந்தே கழித்தார். நடத்துநரோ பயணச்சீட்டுக் கொடுப்பதற்காக மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார். ஒரு நாளில் அவர் ஏறிய படிகள் 500 முதல் 750 வரை! இருவருக்கும் ஒரே பஸ், ஒரே நகரம், ஏறக்குறைய ஒரே வகை வாழ்க்கை. வேறுபாடு முக்கியமாக உடலுழைப்பில்தான் இருந்தது.

1953-ஆம் ஆண்டு மாரிஸும் அவருடைய குழுவினரும் தம் முடிவை வெளியிட்டனர். நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக வந்திருந்தது. வந்தாலும் அது பிற்பட்ட வயதில், கடுமை குறைந்ததாக வந்திருந்தது. நோய் தாக்கிய உடனே இறந்தவர்களின் வீதம் ஓட்டுநர்களிடம் இருந்ததில் ஏறக்குறைய பாதிதான்.

கவனியுங்கள். அந்த நடத்துநர்கள் யாரும் உடற்பயிற்சி செய்வதாக எண்ணிப் படி ஏறவில்லை. ஒரே மூச்சில் 600 படிகளை ஏறவும் இல்லை. இங்கே பத்துப் படி, அடுத்த நிறுத்தம் தாண்டிப் பத்துப் படி என்று நாள் முழுவதும் சிதறிக் கிடந்த உழைப்பு அது.

கால்சட்டை சொன்ன சேதி

உங்களில் கூர்மையான சிலருக்கு இந்நேரம் ஒரு சந்தேகம் வந்திருக்கும். "ஒருவேளை இயல்பாகவே ஆரோக்கியமாக இருந்தவர்கள் நடத்துநர் வேலைக்கும், பருமனானவர்கள் ஓட்டுநர் வேலைக்கும் போயிருந்தால்?" நல்ல கேள்வி! மாரிஸும் இதே கேள்வியைத் தமக்குத்தாமே கேட்டுக்கொண்டார்.

விடை தேடிய வழி வேடிக்கையானது. நிறுவனம் ஊழியர்களுக்குத் தைத்துக் கொடுத்த சீருடைகளின் அளவுக் குறிப்புகளை அவர் புரட்டினார். ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு, இளம் வயதினரிடையே கூட, நடத்துநர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. அதாவது, சந்தேகத்துக்கு ஓரளவு இடம் இருக்கத்தான் செய்தது. 1956-இல் மாரிஸ் இதை மறைக்காமல் வெளியிட்டார். தம் கருத்துக்கு எதிரான சான்றையும் தாமே தேடி எடுத்து மேசைமேல் வைப்பதுதான் விஞ்ஞானியின் நேர்மை. பின்னர் மேலும் ஆராய்ந்தபோது, ஒல்லியானவர்களை ஒல்லியானவர்களோடும் பருத்தவர்களைப் பருத்தவர்களோடும் ஒப்பிட்டாலும் நடத்துநர்களுக்கே ஆபத்து குறைவு என்று தெரிந்தது.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தே வேலை செய்பவருக்கு என்ன வழி? எல்லோரும் பஸ் நடத்துநர் ஆகிவிட முடியாதே!

இதற்காக 1968 முதல் 1970 வரை ஏறத்தாழ 17,000 அரசு அலுவலர்களிடம் மாரிஸ் குழுவினர் விவரம் சேகரித்தனர். எல்லோரும் 40 வயதைக் கடந்தவர்கள். மேசை வேலை பார்ப்பவர்கள். திங்கட்கிழமை காலையில் அவர்களிடம் ஒரு தாள் கொடுக்கப்பட்டது. முந்தைய வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் ஓய்வு நேரத்தில் என்னென்ன செய்தார்கள் என்பதை ஐந்து ஐந்து நிமிடமாக அவர்கள் எழுத வேண்டும். பிறகு அவர்களின் உடல்நலம் ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்பட்டது. 1973-இல் வெளியான முதல் முடிவின்படி, ஓட்டம், நீச்சல், வேக நடை போன்ற தீவிரமான பயிற்சி செய்தவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு, செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்!

நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் நீங்களும் ஒரு வகையில் அந்த மேசை அலுவலர்களைப் போன்றவர்களே. ஆகவே இந்த ஐந்து நிமிடக் கணக்கு உங்களுக்கும் உதவும். அதற்கு முன் படி ஏறுவது உடலில் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ஒரு சிறு கணக்கு

உங்கள் நிறை 50 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படியின் உயரம் 15 சென்டிமீட்டர். 600 படிகள் ஏறினால் நீங்கள் உயர்வது 90 மீட்டர். செய்த வேலை எவ்வளவு? நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்குங்கள். 50 × 9.8 × 90 = 44,100 ஜூல்.

நம் தசைகள் உணவின் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகின்றன, மீதி வெப்பமாகிவிடுகிறது. எனவே செலவான உணவு ஆற்றல் சுமார் 2,20,000 ஜூல், அதாவது ஏறத்தாழ 50 கிலோ கலோரி. ஓர் இட்லி தரும் ஆற்றல் கிட்டத்தட்ட இவ்வளவுதான்!

ஏமாற்றமாக இருக்கிறதா? இங்கேதான் முக்கியமான பாடம் இருக்கிறது. உடற்பயிற்சியின் பெரிய பயன் அது எரிக்கும் உணவில் இல்லை. அது உடலுக்குக் கொடுக்கும் கட்டளையில் இருக்கிறது. "இந்தப் பாரம் நாளையும் வரும், தயாராக இரு" என்பதே அக்கட்டளை.

தினமும் அந்தக் கட்டளை வந்தால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான இரத்தத்தை அனுப்பப் பழகுகிறது. ஓய்வாக இருக்கும் வயதுவந்த ஒருவரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது. நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும் இதயம் ஒரு துடிப்பில் அனுப்புவது ஏறக்குறைய 70 மில்லிலிட்டர். நன்கு பயிற்சி பெற்ற இதயம் ஒரு துடிப்பில் 100 மில்லிலிட்டர் அனுப்பினால், 50 துடிப்பே போதும். நிமிடத்துக்கு 20 துடிப்பு மிச்சம் என்றால் ஒரு நாளுக்கு எத்தனை? நீங்களே பெருக்கிப் பாருங்கள். தசைகளிலும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. செல்களின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்டிரியாக்களும் கூடுகின்றன.

படுத்துக் கிடந்த ஐந்து இளைஞர்கள்

கட்டளை வராமல் போனால் என்ன ஆகும்? 1966-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 20 வயதுள்ள ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். கடும் உழைப்பின்போது உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பது முன்னும் பின்னும் அளக்கப்பட்டது. மூன்றே வாரத்தில் அந்தத் திறன் கால் பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது!

கதை இதோடு முடியவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1996-இல், அதே ஐவரை மறுபடி அழைத்துச் சோதித்தார்கள். முப்பது ஆண்டு முதுமை செய்த சேதத்தைவிட, இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை செய்த சேதமே பெரிது என்று தெரிந்தது. பிறகு அவர்கள் ஆறு மாதம் படிப்படியாக நடை, மென்னோட்டம், சைக்கிள் பயிற்சி செய்தார்கள். ஐம்பது வயதில், தம் இருபது வயதுத் திறனை, அதாவது 1966-இல் படுக்கைக்கு முன் இருந்த அளவை, மீண்டும் எட்டிவிட்டார்கள்.

நம் உடல் சிக்கனமான குடித்தனக்காரரைப் போன்றது. பயன்படாத பொருளுக்குச் செலவு செய்யாது. வேண்டும் என்று தெரிந்தால் தேடிச் சேர்க்கும். "பரீட்சை முடியட்டும்" என்று ஓர் ஆண்டு முழுவதும் காத்திருப்பது சரியல்ல என்பதற்கு இதுவே காரணம்.

உங்கள் வயதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வளர்ச்சி மிக வேகமாக இருக்கும் இரண்டு ஆண்டுகளில் மட்டும், வயதுவந்தோரின் எலும்பில் உள்ள தாதுப்பொருளில் ஏறக்குறைய கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. குதித்தல், ஓடுதல், பாரம் தூக்குதல் ஆகியவை எலும்பை உறுதியாக்கும். சிறு வயது முதல் டென்னிஸ் ஆடுபவர்களின் மட்டை பிடிக்கும் கை எலும்பு, மறுகை எலும்பைவிடத் தடித்திருப்பதே இதற்குச் சான்று.

ஜிம் கற்றுத்தரும் பாடம்

அப்படியானால் ஜிம் தேவையில்லையா? அங்கே நடப்பது என்ன என்று தெரிந்துகொண்டால் விடை கிடைக்கும்.

இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டு, காலின் தசைகள் மெலிந்துபோன வீரர்கள் பலர் அமெரிக்க இராணுவ மருத்துவமனைகளில் கிடந்தனர். அந்நாளைய வழக்கப்படி அவர்களுக்கு மிக இலேசான பயிற்சியே தரப்பட்டது. குணமாகப் பல மாதங்கள் பிடித்தன. தாமஸ் டிலோர்ம் என்ற இளம் மருத்துவர் வேறு வழியை முயன்றார். நோயாளி பத்து முறை மட்டுமே தூக்கக்கூடிய எடையைக் கண்டறிந்து அதைத் தூக்கச் செய்தார். அது எளிதானதும் எடையைச் சிறிது கூட்டினார். வியக்கத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. 1945-இல் அவர் இதை வெளியிட்டார். இன்று உலகெங்கும் ஜிம்களில் பின்பற்றப்படும் படிப்படியான பாரக் கூட்டல் என்ற முறைக்கு மருத்துவ அடிப்படை அமைந்தது இப்படித்தான்.

இந்த விதிக்கு இரும்புக் குண்டுதான் வேண்டும் என்பதில்லை. எடை போடும் இயந்திரத்தின்மேல் இரண்டு கைகளையும் ஊன்றித் தண்டால் நிலையில் இருந்து பாருங்கள். உங்கள் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை முள் காட்டும். சுவரில் கை ஊன்றி நின்று தண்டால் எடுத்தால் பாரம் மிகக் குறைவு. பெஞ்சில் ஊன்றினால் நடுத்தரம். தரையில் ஊன்றினால் முழுமை. சுவரில் தொடங்குங்கள். பதினைந்து முறை எளிதாக வந்ததும் பெஞ்சுக்கு மாறுங்கள். பிறகு தரைக்கு வாருங்கள். டிலோர்மின் விதி உங்கள் வீட்டுக் கூடத்திலேயே வேலை செய்கிறது! கால்களுக்குப் பஸ்கி இருக்கிறது. இதற்கு மைதானம் வேண்டாம். மாலையில் வெளியே போய் விளையாட வாய்ப்பில்லாத மாணவிகளும் வீட்டிலேயே செய்யலாம்.

முதல் சில வாரங்களில் தசை தடிப்பதில்லை. ஆனால் பலம் கூடும். தசை இழைகளை நரம்புகள் ஒருங்கே இயக்கப் பழகுவதே காரணம். கண்ணாடியில் மாற்றம் தெரியவில்லையே என்று மூன்றாம் வாரத்தில் விட்டுவிடாதீர்கள்.

"எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். முறையறிந்த பயிற்சியாளரின் கண்காணிப்பில், அளவான எடையோடு செய்தால் அப்படி ஆவதற்குச் சான்று இல்லை. ஆனால் தன்னால் முடிந்த மிகப் பெரிய எடையைத் தூக்கிக் காட்டும் போட்டி உங்கள் வயதுக்கு ஆகாது. விளம்பரத்தைப் பார்த்துச் சத்துப் பொடி, மாத்திரை வாங்கவும் வேண்டாம்.

உங்கள் தாளை எடுங்கள்

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை இது: 5 முதல் 17 வயது வரை உள்ளோருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மிதமான அல்லது தீவிரமான உடலியக்கம் தேவை. வாரத்தில் மூன்று நாளாவது தீவிரப் பயிற்சியும், தசையையும் எலும்பையும் வலுவாக்கும் பயிற்சியும் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கான பழைய பரிந்துரையில், தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று இருந்தது. 2020-இல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. சிறு சிறு துண்டுகளும் கணக்கில் சேரும்!

மிதமா, தீவிரமா என்று எப்படி அறிவது? பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதம். சில சொற்களுக்கு மேல் தொடர்ந்து பேச முடியவில்லை என்றால் தீவிரம்.

இப்போது மாரிஸ் செய்தது போலவே ஒரு தாளில் நேற்றைய நாளை ஐந்து ஐந்து நிமிடமாக எழுதுங்கள். ஒரு நாளுக்கு 1,440 நிமிடம். அதாவது 288 கட்டங்கள். நமக்கு வேண்டியவை 12 கட்டங்கள்தாம். அவற்றை ஏற்கெனவே நடக்கும் ஒரு செயலோடு கட்டிவிடுங்கள். உதாரணமாக:

பள்ளிக்குப் போக வர வேக நடை அல்லது சைக்கிள்: 20 நிமிடம்.
பஸ்ஸில் போகிறவர் ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி நடக்கலாம்.

மாடிப்படிகளை விரைந்து ஏறுதல்: 5 நிமிடம்.

முக்கால் மணி நேரப் படிப்புக்கு ஒருமுறை எழுந்து 5 நிமிடம் பஸ்கி, தண்டால், கயிறு தாண்டல்: மூன்று முறை, 15 நிமிடம். தண்டாலும் பஸ்கியும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். தசைகள் தம்மைச் சீர்செய்துகொள்ள ஓய்வு வேண்டும்.

மாலையில் ஏதேனும் ஒரு விளையாட்டு அல்லது ஓட்டம்: 20 நிமிடம்.

மொத்தம் 60. இதில் புதிதாக நேரம் ஒதுக்க வேண்டியது மாலை 20 நிமிடம் மட்டுமே. மற்றவை நீங்கள் எப்படியும் நடக்கும், எழுந்து சோம்பல் முறிக்கும் நேரங்கள்தாம். முதல் வாரத்திலேயே 12 கட்டத்தையும் நிரப்ப முயலாதீர்கள். நான்கில் தொடங்கி வாரத்துக்கு இரண்டிரண்டாகக் கூட்டுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடருங்கள். இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம்.

"மதிப்பெண் குறைந்துவிடுமே" என்று அஞ்ச வேண்டாம். பள்ளியில் உடற்பயிற்சிக்கு ஒதுக்கிய நேரத்தைப் பற்றி நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை, படிப்பில் முன்னேற்றத்தையோ மாற்றமின்மையையோதான் காட்டின. விளையாட்டு வகுப்பு வேறு பாடத்துக்குப் போகும்போது இதை உங்கள் ஆசிரியரிடம் பணிவோடு எடுத்துச் சொல்லலாம்.

செய்து பாருங்கள்

தேவையானவை: விநாடி முள் உள்ள கடிகாரம், சுமார் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள உறுதியான படி, நோட்டுப் புத்தகம்.

ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின், மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக இரண்டு விரல்களை வைத்து ஒரு நிமிட நாடித் துடிப்பை எண்ணிக் குறியுங்கள். பிறகு நிமிடத்துக்கு 24 முறை வீதம் மூன்று நிமிடம் படியில் ஏறி இறங்குங்கள். உடனே உட்கார்ந்து அடுத்த ஒரு நிமிடத் துடிப்பை எண்ணுங்கள். ஞாயிறுதோறும், அதே நேரத்தில், அதே படியில், எட்டு வாரம் இதைச் செய்து வரைபடம் வரையுங்கள். பயிற்சி உங்களுக்குப் பயன்பட்டால் இரண்டாவது எண் மெல்லக் குறைந்துவரும்.

வழக்கத்தை மாற்றிக்கொள்ளாத நண்பர் ஒருவரையும் கூடவே சோதியுங்கள். அவர் ஏன் தேவை? கால்சட்டைக் கதையை நினைத்துப் பாருங்கள், புரியும்.

எச்சரிக்கை: இதய நோய், ஆஸ்துமா போன்றவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்பே தொடங்க வேண்டும். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். சாப்பிட்ட உடனேயும், உச்சி வெயிலிலும் பயிற்சி வேண்டாம். தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள்.

ஜெர்ரி மாரிஸ் முதுமையிலும் பயிற்சியை விடவில்லை. 2009-இல் மறைந்தபோது அவருக்கு வயது 99. உடற்பயிற்சியே அதற்குக் காரணம் என்று சொல்லிவிடலாமா? கூடாது. ஒரே ஒருவரின் ஆயுள் சான்றாகாது. அப்படிச் சொல்லியிருந்தால் முதலில் மறுத்திருக்கக் கூடியவர் அவரே. ஆனால் அவர் எண்ணிய ஆயிரக்கணக்கானோரின் கணக்கு நம் முன் இருக்கிறது. அடுத்த ஐந்து நிமிடக் கட்டம் உங்கள் கையில் இருக்கிறது. இதழை மூடிவிட்டு எழுந்திருங்கள்!